பூனைக்கண், வெள்ளை முடி, காது
வார்டன்பர்க் சிண்ட்ரோம் உள்ளவர்களின் கேட்கும் திறன்: பத்து காவான் வட்டாரப் பெற்றோருக்கும் குடும்பத்தினருக்கும்

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பூனைக்கண் உண்டா? வீட்டில் எல்லாருக்கும் கறுப்புக் கண் இருக்க, ஒருவருக்கு மட்டும் பளிச்சென்ற நீலக் கண்ணா? அல்லது ஒரு கண் கறுப்பு, ஒரு கண் நீலமா? நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறந்ததிலிருந்தே வெள்ளையாக இருக்கிறதா? முப்பது வயதுக்கு முன்பே தலை முழுவதும் நரைத்துப்போனவர் இருக்கிறாரா? அதே குடும்பத்தில், காது கேட்காமல் பேச்சும் வராமல் வளர்ந்தவர் ஒருவர் உண்டா?

இவற்றில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் இந்தக் கையேட்டை ஒருமுறை முழுவதும் படியுங்கள். வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தால், அல்லது பிறக்கப் போகிறது என்றால், இன்றே படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் மக்களில் தேன் நிறக் கண், வெளிர் பழுப்புக் கண், பச்சை கலந்த கண் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. இங்கே நாம் பேசுவது நல்ல நீல நிறக் கண்ணைப் பற்றி. அதோடு முடியிலும் தோலிலும் சில அடையாளங்கள் சேர்ந்து வருவதைப் பற்றி.

இதன் பெயர் என்ன?

வார்டன்பர்க் சிண்ட்ரோம். நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் வார்டன்பர்க், தம் நாட்டில் காது கேளாதோர் பள்ளிகளில் இருந்தவர்களைப் பரிசோதித்து, 1951இல் இதை விரிவாக எழுதினார். அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. இது அரிதானது. ஏறக்குறைய 40,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. ஆனால் பிறவியிலேயே காது கேளாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது காரணமாக இருக்கிறது.

எல்லா இனத்தவரிடமும் இது உண்டு. நமக்கு அருகில் இந்தோனேசியாவின் பூட்டோன் தீவில் கருநிறத் தோலும் மின்னும் நீலக் கண்ணும் கொண்டவர்களின் படங்களை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருக்கலாம். அந்தக் கண்களுக்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் இதே சிண்ட்ரோம்தான். அந்தப் படங்களை ஆயிரக்கணக்கானோர் அழகு என்று பகிர்ந்தார்கள். கண் அழகுதான், அதில் மறுப்பில்லை. நம் கவலை காதைப் பற்றியது.

கண்ணின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி எல்லாருக்கும் எழும். விடை சற்று வியப்பானது.

தோலுக்கும் முடிக்கும் கண்மணியைச் சுற்றிய வளையத்துக்கும் நிறம் கொடுப்பவை நிறமி உயிரணுக்கள். கரு உருவாகும் தொடக்க வாரங்களில் இவை முதுகுத்தண்டு அமையப்போகும் பகுதியில் பிறந்து, அங்கிருந்து உடல் முழுவதும் நகர்ந்து போகின்றன. சில தோலுக்கு, சில முடியின் வேருக்கு, சில கண்ணுக்கு. ஒரு சிறு கூட்டம் உட்காதுக்கும் போய்ச் சேர்கிறது.

வெளிச்சமே படாத காதுக்குள் நிறமி எதற்கு? அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பதில்லை. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு திரவம். அந்தத் திரவத்தில் ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எப்போதும் இருக்க வேண்டும். ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அந்த மின்சாரத்தில்தான் வேலை செய்கின்றன. நிறமி உயிரணுக்கள் இல்லாவிட்டால் அந்த மின்னழுத்தம் உருவாகாது. வீட்டில் மின்விளக்கு, ஒயர், சுவிட்ச் எல்லாம் சரியாகப் பொருத்தியிருந்தும் மெயின் லைன் வராதது போன்ற நிலை.

வார்டன்பர்க் சிண்ட்ரோமில் இந்த உயிரணுக்களை வழிநடத்தும் மரபணுக்களில் ஒன்று பழுதாகியிருக்கும். அதனால் அவை சில இடங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. கண்ணுக்குப் போகாவிட்டால் கண் நீலம். நெற்றிமுடியின் வேருக்குப் போகாவிட்டால் அங்கே முடி வெள்ளை. தோலின் ஒரு பகுதிக்குப் போகாவிட்டால் அங்கே வெள்ளைத் திட்டு. உட்காதுக்குப் போகாவிட்டால் அந்தக் காது கேட்காது.

பூனைக்கண் என்று நம்மவர்கள் பெயர் வைத்ததும் ஒருவகையில் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் கொண்ட பூனைகள் பலவற்றுக்குக் காது கேட்காது. அங்கும் காரணம் இதே நிறமி உயிரணுக்கள்தான். நீலக் கண் பூனைகளின் செவிட்டுத் தன்மையை சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட தம் நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். காரணம் மனிதர்களில் புரிய மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தச் சிண்ட்ரோமுக்குரிய முதல் மரபணு 1992இல்தான் அடையாளம் காணப்பட்டது.

ஒரே குடும்பம், ஆளுக்கொரு காது

பெற்றோர் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பாவுக்கு நீலக் கண். இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். மூத்த மகளுக்கும் நீலக் கண், அவளும் பள்ளியில் கெட்டிக்காரி. இப்போது மூன்றாவதாக ஒரு மகன் பிறக்கிறான், அதே கண்ணோடு. ‘அப்பா ஜாடை, அக்கா ஜாடை’ என்று வீடே மகிழ்கிறது. ‘அவர்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்கிறதே, இவனுக்கு மட்டும் என்ன வரப்போகிறது’ என்று யாரும் சோதனைக்குப் போகவில்லை. மூன்று வயதில் அவன் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றபோதுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்கவில்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தச் சிண்ட்ரோம் இப்படித்தான் நடந்துகொள்ளும். மரபணுப் பழுது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றே. உயிரணுக்கள் எந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன, எந்த இடத்தைத் தவறவிட்டன என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு நெற்றிமுடி மட்டும் வெள்ளை. இன்னொருவருக்குக் கண்ணும் நீலம், ஒரு காதும் கேட்காது. வேறொருவருக்கு வெளியே தெரியும் அடையாளம் மிகக் குறைவு, ஆனால் இரு காதும் கேட்காது. இடது கண் நீலம் என்பதால் இடது காதுதான் கேட்காது என்றும் சொல்ல முடியாது.

இந்தச் சிண்ட்ரோமை நான்கு வகைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் கண்களின் உள்மூலைகள் ஒன்றுக்கொன்று விலகி அமைந்திருக்கும். மூக்கின் அடிப்பகுதி அகன்று தெரியும். இரு புருவங்களும் நடுவில் சேர்ந்திருக்கலாம். இந்த வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காது கேட்கும் குறை இருக்கிறது. இரண்டாம் வகையில் கண் அமைப்பு சாதாரணமாகவே இருக்கும். அதனால் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் நான்கில் மூன்று பேர் அளவுக்குக் காது பாதிக்கப்படுவது இந்த வகையில்தான். மூன்றாம் வகை மிக அரிது, கை எலும்பு மூட்டுகளிலும் குறை இருக்கும். நான்காம் வகையில் குடலின் நரம்புகளும் பாதிக்கப்படும். இதை 1981இல் பம்பாய் மருத்துவர் ஷா, பச்சிளங்குழந்தைகளிடம் கண்டு எழுதினார். வார்டன்பர்க்–ஷா சிண்ட்ரோம் என்று அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

நான்காம் வகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளை நெற்றிமுடியோ நீலக் கண்ணோ உள்ள பச்சிளங்குழந்தை பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் கழிக்கவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். கைமருந்து, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

காது கேட்கும் குறை இருந்தால் அது எப்படி இருக்கும்? பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும். பெரும்பாலும் இரு காதிலும் இருக்கும். கடுமையான குறையே அதிகம். பலருக்கு 90 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசைதான் இலேசாகவாவது எட்டும். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். அதாவது அம்மாவின் தாலாட்டு அந்தக் குழந்தைக்குக் கேட்பதே இல்லை. ஆனால் வயது ஏற ஏற மோசமாகும் குறை இது இல்லை. பெரும்பாலும் உள்ளபடியே நிற்கும். சிலருக்கு உடலின் சமநிலையைக் காக்கும் உட்காதுப் பகுதியும் பாதிக்கப்படுவதால், கழுத்து நிற்பதும் நடை பழகுவதும் தாமதமாகலாம்.

வெள்ளை முடி எங்கே போனது?

அடையாளங்கள் மறைந்துபோவது உண்டு. குழந்தைக்குப் பிறக்கும்போது இருந்த வெள்ளைக் கொத்து சில மாதங்களில் கறுத்துவிடலாம். பல ஆண்டு கழித்து மீண்டும் வெளுக்கலாம். நம் வழக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. தண்ணீர்மலைக்கோ குலதெய்வக் கோவிலுக்கோ நேர்ந்துகொண்டு முதல் மொட்டை போட்டுவிடுகிறோம். அதோடு அந்த முடியும் போய்விடுகிறது, அதைப் பற்றிய பேச்சும் நின்றுவிடுகிறது. பெரியவர்களோ முடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறார்கள். ஆகவே மொட்டை போடுவதற்கு முன் குழந்தையின் தலையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு படம் மிகவும் உதவும்.

தோலில் உள்ள வெள்ளைத் திட்டைப் பார்த்து வெண்குஷ்டம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இது தொற்றாது, பரவாது. வெயிலில் அந்த இடம் எளிதில் கன்றிப்போகும் என்பதால் மூடி வைப்பது நல்லது. நீலக் கண்ணுக்கு வெயில் கூசலாம். பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள்

‘பின்னால் நின்று கைதட்டினேன், திரும்பிப் பார்த்தான்’ என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். காது கேட்காத குழந்தையும் திரும்பும். நம் நிழல் அசைவதை ஓரக்கண்ணால் பார்க்கும். கை வீசும் காற்று கழுத்தில் படும். சட்டி மூடியைத் தரையில் தட்டினால் பலகைத் தரையின் அதிர்வு உடம்பில் ஏறும். தொழிற்பேட்டைச் சாலையோரம் வீடு இருந்தால், கனரக லாரி போகும்போது குழந்தை விழித்துக்கொள்ளும், அது அதிர்வினால். இத்தகைய குழந்தைகள் கண்ணால் கவனிப்பதில் மிகவும் கூர்மையானவர்கள். அந்தக் கூர்மையே பெரியவர்களை ஏமாற்றிவிடுகிறது.

மழலையும் ஏமாற்றும். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களில் ‘ஊ’, ‘ஆ’ என்று குரல் கொடுக்கும், சிரிக்கும். ஆனால் ஏழெட்டு மாதத்தில் வரவேண்டிய ‘பபபா’, ‘மமமா’ வராது, அல்லது இருந்த குரலும் குறைந்துபோகும்.

அதன் பிறகு சாக்குகள் ஆரம்பமாகின்றன. ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்.’ ‘ஆண் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்.’ இப்போது புதிதாக ஒன்று: ‘வீட்டில் தமிழ், பராமரிப்பாளரிடம் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், பிள்ளை குழம்பிப்போச்சு.’ பல மொழி கேட்டு வளரும் குழந்தை அதனால் பேசாமல் போவதில்லை. நம் நாட்டில் எத்தனையோ குழந்தைகள் மூன்று மொழியிலும் பேசுகிறார்கள். பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காதை.

ஏன் இவ்வளவு அவசரம்? மூளையில் ஒலியையும் மொழியையும் புரிந்துகொள்ளும் பகுதி முதல் மூன்று ஆண்டுகளில்தான் வேகமாக அமைகிறது. அந்தக் காலத்தில் அதற்கு எந்த மொழியும் எட்டாவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல கருவி பொருத்தினாலும் இழந்ததை முழுதாக மீட்பது கடினம். அதனால்தான் ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று உலகெங்கும் இலக்கு வைத்திருக்கிறார்கள்.

பத்து காவானிலிருந்து எங்கே போவது?

கர்ப்பமாக இருக்கும்போதே தொடங்கலாம். தாய் சேய் நல கிளினிக்கில் தாதி குடும்ப வரலாறு கேட்கும்போது நீரிழிவு, இரத்த அழுத்தம் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். குடும்பத்தில் நீலக் கண், வெள்ளை முடி, பிறவிச் செவிடு உள்ளவர் இருப்பதையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சில மருத்துவமனைகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் காதுச் சோதனை நடக்கிறது. சில இடங்களில் ஆபத்துக் காரணம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும். குடும்பத்தில் பிறவிச் செவிடு இருப்பது அத்தகைய ஒரு காரணம். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே கிளினிக் மருத்துவரிடம் கேளுங்கள். அங்கிருந்து காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். பெருநிலத்தில் செபராங் ஜெயா மருத்துவமனை, தீவில் பினாங்கு மருத்துவமனை. 2014இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு பத்து காவானிலிருந்து தீவுக்குப் போவது முன்போல் சுற்று இல்லை.

முதல் சோதனையில் குழந்தையின் காதில் மென்மையான சிறு அடைப்பானை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். நல்ல உட்காது அந்த ஒலிக்கு எதிரொலி போலத் தானும் ஒரு நுண்ணொலி எழுப்பும். கருவி அதைப் பதிவு செய்யும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் தேறாவிட்டால், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு பட்டைகளை ஒட்டி, ஒலி காது நரம்பு வழியாக மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான். வரும் வழியில் தூங்கவிடாமல் வைத்திருந்து, சோதனை அறைக்குப் போனதும் பால் கொடுத்துத் தூங்கவைத்தால் வேலை எளிது.

ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். முடிவைக் கேட்கும்போது ‘காது கேட்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘வலது காது எப்படி? இடது காது எப்படி?’ என்று கேளுங்கள். குடும்பத்தில் இந்த அடையாளம் உள்ள மற்றப் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள், அவர்கள் நன்றாகப் பேசினாலும் சரி.

கேட்கவில்லை என்று உறுதியானால்

இந்தச் செய்தியை மருத்துவர் சொல்லும் நாள் எந்தப் பெற்றோருக்கும் கனமான நாள். அழுகை வரும், கோபம் வரும். அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அடுத்த சந்திப்புத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓரளவு கேட்கும் திறன் இருந்தால் காதுக் கருவி போதும். சில மாதக் குழந்தைக்கும் அதைப் பொருத்தலாம். கடுமையான குறையாக இருந்து, கருவியால் போதிய பயன் கிடைக்காவிட்டால் காக்லியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். முன்பு சொன்ன மின்விளக்கு உதாரணத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். வார்டன்பர்க் சிண்ட்ரோமில் பெரும்பாலும் காது நரம்பு நன்றாக இருக்கிறது. மின்னழுத்தம் மட்டும்தான் இல்லை. இம்பிளாண்ட் பழுதான பகுதியைத் தாண்டி, நேராக நரம்புக்கே மின்சமிக்ஞை கொடுக்கிறது. ஆகவே உரிய வயதில் பொருத்தப்படும் இந்தக் குழந்தைகள் பொதுவாக நல்ல பலன் பெறுகிறார்கள். சிலருக்கு உட்காதின் அமைப்பிலேயே குறை இருக்கலாம் என்பதால், முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

இது விலை உயர்ந்த கருவி. சுகாதார அமைச்சின் தேசிய காக்லியர் இம்பிளாண்ட் திட்டம் இருக்கிறது. காது மூக்கு தொண்டை நிபுணர் வழியாகத்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். வயது ஒரு முக்கிய அளவுகோல் என்பதால் சீக்கிரம் வருவது இங்கும் பயன்படும்.

பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கருவியை இயக்கும் நாளில்தான் அது முதன்முதலாக ஒலியைக் கேட்கிறது. வயது இரண்டாக இருந்தாலும் காதுக்கு அன்றுதான் பிறந்தநாள். அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் பயிற்சி. ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு இது சுலபமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பயிற்சியாளரிடம் மாதம் சில மணி நேரம்தான் கிடைக்கும். மீதி நேரம் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள் கையில். பாட்டி பார்த்துக்கொள்கிறார் என்றால் பாட்டியையும் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள். தமிழிலேயே பேசுங்கள், வீட்டில் நன்றாக வரும் மொழியே குழந்தைக்கு முதலில் வேண்டும்.

சைகை மொழியைப் பற்றிப் பெற்றோரிடம் ஒரு பயம் இருக்கிறது: சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று. அந்தப் பயம் வேண்டாம். காதுக் கருவிக்கோ அறுவை சிகிச்சைக்கோ காத்திருக்கும் மாதங்களிலும் குழந்தைக்கு ஒரு மொழி தேவை. இதில் பினாங்குக்கு ஒரு வரலாறே உண்டு. 1954இல் தஞ்சோங் பூங்காவில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியபோது, வகுப்பில் வாயசைவைப் பார்த்துப் பேசத்தான் கற்றுக்கொடுத்தார்கள். விடுதியிலோ பிள்ளைகள் தங்களுக்குள் கையாலேயே பேசிப் பேசி ஒரு மொழியை வளர்த்துவிட்டார்கள். பினாங்கு சைகை மொழி என்று இன்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது அதைத்தான். மலேசிய சைகை மொழியை 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகரித்திருக்கிறது.

சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயூ அட்டை எடுப்பதைச் சிலர் அவமானமாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். கருவி வாங்க உதவி, பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு போன்றவற்றுக்கு அந்த அட்டை வழி திறக்கும். படிவத்தில் மருத்துவர் கையொப்பமிட வேண்டும். சோதனை முடிவு வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

ஒரு காது மட்டும் கேட்பவர்கள்

இவர்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பேச்சு சரியான வயதில் வந்துவிடும். ஆனால் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. சத்தமான வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதிதான் விளங்கும். ‘கூப்பிட்டால் காதில் வாங்கமாட்டான்’ என்று திட்டும் கிடைக்கும். பாலர் பள்ளியிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஆசிரியரிடம் சொல்லி, நல்ல காது ஆசிரியரை நோக்கி இருக்கும்படி, மின்விசிறிக்கும் கதவுக்கும் தள்ளி, முன்வரிசையில் உட்காரவையுங்கள். சாலையைக் கடக்கும்போது கண்ணால் இரு பக்கமும் பார்க்கப் பழக்குங்கள்.

இருக்கும் ஒரு காதைக் காப்பது பெரிய வேலை. சளி பிடித்துக் காதில் வலியோ சீழோ வந்தால் உடனே காட்டுங்கள். 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்; பொன்னுக்கு வீங்கியால் ஒரு காது நிரந்தரமாகப் போய்விடுவது உண்டு.

பெரியவர்களே, இது உங்களுக்கும். கைப்பேசியை எப்போதும் ஒரே காதில்தான் வைக்கிறீர்களா? மறு காதுக்கு மாற்றினால் ஒன்றும் கேட்பதில்லையா? நீலக் கண்ணோடு பிறந்த சிலர் முப்பது, நாற்பது வயதில், பிள்ளையைச் சோதிக்க வந்த இடத்தில்தான் தமக்கும் ஒரு காது பிறவியிலேயே இல்லை என்று அறிகிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்தால் இதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் சட்டம் வைத்த எல்லை. சத்தமான இடத்தில் காதுக் கவசம் உங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம். போர்க்லிப்ட் ஓடும் இடத்தில், அது வரும் பக்கம் உங்கள் காதுக்குத் தெரியாது.

யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. கிரகணத்தன்று வெளியே போனதால் இது வரவில்லை. கர்ப்ப காலத்தில் எதைப் பார்த்ததாலும், எதைச் சாப்பிட்டதாலும் வரவில்லை. பெரும்பாலும் மருமகள்மீதுதான் பழி விழுகிறது. மரபணு அப்பா வழியாகவும் வரும், அம்மா வழியாகவும் வரும். இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லாமல் ஒரு குழந்தையிடம் புதிதாகவும் தோன்றும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானா என்று கேட்பவர்கள் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தால் சில வகைச் செவிடு வரும் வாய்ப்பு கூடுவது உண்மை. நான்காம் வகை வார்டன்பர்க்கில் சில குடும்பங்களுக்கும் அது பொருந்தும். ஆனால் முதல் இரண்டு வகைகளுக்கு அது காரணமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிவிடுவதுபோல ஒவ்வொரு முறையும் புதிய கணக்கு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி இரண்டாவதுக்கு வராது’ என்பது தவறு. வந்தாலும் காது பாதிக்கப்பட்டே தீரும் என்பதும் இல்லை. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் தம்பதிகள் மரபியல் ஆலோசனைக்குக் கடிதம் கேட்டு வாங்கலாம்.

அந்த ஆலோசனைக்குப் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நம் குடும்பங்கள் பல தோட்டங்களில் பிரிந்து வாழ்ந்தவை. பத்து காவான் தோட்டத்தில் ஒரு கிளை, நிபோங் திபாலில் ஒன்று, கெடாவில் ஒன்று என்று இருக்கும். ‘அந்தத் தோட்டத்தில் நம் சின்னத் தாத்தா ஒருவரை ஊமையன் என்றே கூப்பிடுவார்கள்’ என்று பாட்டிக்கு நினைவு வரலாம். அவருக்குக் குரல் இருந்திருக்கும், காதுதான் கேட்டிருக்காது. அவர் கண் என்ன நிறம், முடி எப்போது நரைத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் படங்கள் இருந்தால் அவையும் உதவும், கறுப்பு வெள்ளையில் இருந்தாலும் வெளிர் கண் தெரியும்.

மருத்துவமனைக்கு வரும் நாளில்

குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகம், கிளினிக் கொடுத்த கடிதம், பிறப்புப் பத்திரம், மொட்டைக்கு முன் எடுத்த படம், குடும்பத்தில் கேட்டு எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பால், மாற்றுத்துணி, ஒரு போர்வை. சோதனை அறை குளிராக இருக்கும். மலாய் அல்லது ஆங்கிலத்தில் விளக்கம் புரியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், தமிழ் தெரிந்த ஊழியர் இருந்தால் அழைப்பார்கள். நீங்களே ஓர் உறவினரையும் உடன் அழைத்து வரலாம். குழந்தைக்குச் சளி இருந்தால் அன்றைய முடிவு சரியாக வராமல் போகலாம். அப்படியானால் வர முடியவில்லை என்று போன் செய்து, அப்போதே மறுதேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.